காலே விழல, சார்

உங்கள் செல்போனில் எத்தனை போட்டோ இருக்கும்? ஆயிரம்? நாலாயிரம்? என்னுடையதில் ஆறாயிரத்துச் சொச்சம். அதில் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டிய படம். ஒருத்தி மட்டும் குறை சொன்னாள். அவள்தான் அந்தப் படத்தில் இருப்பவள்.

ஒரகடத்தில் உறவினர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஒரகடம் தெரியும் அல்லவா? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடம். ஒரு காலத்தில் ஏரியும் புன்செய்யும் இருந்த ஊர். இன்றைக்கு அங்கே கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் எல்லாம் தயாராகின்றன. வழியெல்லாம் நீள நீளமான மதில் சுவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சாலையில் போகிற உங்களுக்கும் எனக்கும் தெரியாது. நமக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடியில் கம்பெனி பெயர் ஒட்டிய பஸ்களும், அவற்றிலிருந்து இறங்குகிற, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற பிள்ளைகளும்தான். 20 வயது, 22 வயது.

ஷிப்ட் மாறுகிற சாயங்கால நேரம். டீக்கடைக்கு எதிரே காலி மனையில் கூட்டம். மூங்கில்களைப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பக்கமும் கட்டி, நடுவே கயிறு இழுத்திருந்தார்கள். கழைக்கூத்து. நம்ம ஊர் சர்க்கஸ். கூடாரம் கிடையாது, டிக்கெட் கிடையாது, கீழே வலையும் கிடையாது. அப்பா மேளம் அடிக்கிறார். அம்மா கையில் தட்டு. மேலே, கயிற்றில், 10 அல்லது 11 வயதில் ஒரு பெண். தலையில் மூன்று செம்பு, கையில் நீளக் கழி. முதலில் வெறுங்காலோடு நடந்தாள். அப்புறம் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அதன் மேல் பாதத்தை ஊன்றி, தேய்த்துத் தேய்த்துப் போனாள். கடைசியில் சைக்கிள் ரிம்.

நான் போனை எடுத்தேன். அவளுக்குப் பின்னால் செம்மஞ்சள் வானம். தூரத்தில் ஏதோ கம்பெனியின் உயரமான தண்ணீர்த் தொட்டி. அவள் கண்கள் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தன. அழகான படம். எனக்கே பெருமையாக இருந்தது.

ஆட்டம் முடிந்து தட்டோடு வந்தவள் என் கையைப் பார்த்தாள். "போட்டோ புடிச்சீங்களா சார்? காட்டுங்க."

காட்டினேன். ரொம்பப் பழகினவள் மாதிரி இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிசாக்கினாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். எதையோ தேடினாள்.

"காலே விழல, சார்."

"முகம் எவ்ளோ நல்லா வந்திருக்கு பாரு..."

"மூஞ்சியா நடக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சமாளிப்பதற்காக, "ஏன் அவ்ளோ சோகமா எங்கேயோ பாத்துட்டிருந்தே?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோகம்லாம் இல்ல சார். அந்தக் கோடியில முடிச்சு இருக்கில்ல, அதைத்தான் பாக்கணும். கண்ணு அங்கேருந்து நவுந்தா ஆளு காலி." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் தட்டை நீட்டப் போய்விட்டாள்.

ராத்திரி அந்தப் படத்தை நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன். மளமளவென்று பாராட்டு. 'வறுமை எழுதிய கவிதை' என்றார் ஒருவர். 'அந்தக் கண்களில் எத்தனை ஏக்கம்!' என்றார் இன்னொருவர். ரசனையானவர்தான், நல்ல மனிதர்தான். ஏக்கம் இல்லை ஐயா, முடிச்சு என்று நான் பதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷியின் வேலையைப் பார்க்காமல் அவளுடைய கஷ்டத்தை மட்டும் பார்ப்பதற்குப் பெயர் இரக்கமா? அவள் உயிரைக் கொடுத்துப் பழகியது கால் வித்தை. நான் எடுத்துக்கொண்டு வந்தது முகம். அந்த முகத்திலும் அவளிடம் இல்லாத ஒரு சோகத்தை நாங்களே எழுதி, நாங்களே படித்து, நாங்களே உருகிக்கொண்டோம். அவளுக்கு இதில் என்ன பங்கு? பத்து ரூபாய். அதுவும் சில்லறையாக.

இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் வந்ததில்லை. பெரிய பெரிய ஓவியர்களுக்கே வந்திருக்கிறது. நவீன ஓவியத்துக்கும் சர்க்கஸுக்கும் அப்படியொரு பந்தம். பாரீஸில் மோன்மார்த்ர் என்ற பேட்டையில் ஃபெர்னாண்டோ சர்க்கஸ் என்று ஒன்று இருந்தது. பிற்பாடு கை மாறி மெட்ரானோ சர்க்கஸ் ஆனது. அந்த ஒரே கொட்டகைக்கு டெகா போனார், லோத்ரெக் போனார், ஸூரா போனார், பிக்காஸோ போனார். நம் ஊரில் எழுத்தாளர்கள் ஒரு குறிப்பிட்ட காபி கிளப்பில் கூடுவார்களே, அந்த மாதிரி.

இவர்களில் பிக்காஸோவை எல்லோருக்கும் தெரியும். 1905-ல், 24 வயதுகூட முழுசாக நிரம்பாத பருவத்தில், நாடோடிக் கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்றைப் பெரிய திரைச்சீலையில் வரைந்தார். இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு பேர், ஒரு பொட்டல்வெளி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கயிறு இல்லை, ஆட்டம் இல்லை, கூட்டமும் இல்லை. சும்மா நிற்கிறார்கள், ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பார்த்தால் நெஞ்சை அடைக்கும். 1915-ல் மியூனிக்கில் அந்தப் படம் மாட்டியிருந்த வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த கவிஞர் ரில்கே, பிறகு அதை மனதில் வைத்து ஒரு நீண்ட கவிதையே எழுதினார். அவ்வளவு வலிமையான படம்.

ஆனால், நம் கயிற்றுப் பெண்ணிடம் அதைக் காட்டினால் என்ன சொல்வாள்? 'இவங்க என்ன வேலை செய்யறாங்க சார்?' என்றுதான் கேட்பாள். கட்டம் போட்ட உடையில் நிற்கிறவனின் முகத்தில் பிக்காஸோ தன்னையே வரைந்திருக்கிறார் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அந்நிய ஊரில், கையில் காசில்லாத இளம் கலைஞன் தன் தனிமையைச் சொல்ல ஒரு உடை தேவைப்பட்டது. கழைக்கூத்தாடியின் உடை பொருந்தியது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால், உடையைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் படத்தில் வேலை போய்விட்டது!

டெகா அதற்கு 26 வருஷம் முன்னால் அதே கொட்டகையில் என்ன செய்தார் தெரியுமா? 1879 ஜனவரியில் அங்கே மிஸ் லா லா என்ற பெண்ணின் ஆட்டம். ஐரோப்பாவில் பிறந்த கலப்பினப் பெண், அப்போது 20, 21 வயது. நிஜப் பெயர் ஆன்னா ஓல்கா ஆல்பர்ட்டினா பிரவுன். தொங்கும் கயிற்றின் நுனியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். அப்படியே கூரை வரைக்கும் மேலே இழுத்துவிடுவார்கள். பல்லால் பீரங்கியையே தொங்கவிட்டு அதைச் சுடவைக்கிற வித்தையும் அவளிடம் உண்டு. டெகா பல ராத்திரிகள் போய் உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் குறிப்புப் படம் வரைந்தார். முடித்த ஓவியத்தில் அவள் மேலே, உயரத்தில், ஓர் ஓரமாகத் தொங்குகிறாள். நாம் கீழே கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்க்கிறோம். பல்லில் கயிறு, விரித்த கைகள், மடக்கிய கால்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. அவளுக்குச் சோகமா, சந்தோஷமா என்று சொல்லவே முடியாது. டெகா அதை வரையவில்லை. அந்த உடம்பு அந்தக் கணத்தில் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதை மட்டும்தான் வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிற அந்தப் படத்துக்காகவும், அந்தப் பெண்ணுக்காகவும் 2024-ல் தனிக் கண்காட்சியே வைத்தார்கள்.

டெகா பெரிய மனிதாபிமானி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். சிடுசிடுப்பான ஆசாமி. ஆனால், கால் விழுந்திருக்கிறது பாருங்கள்!

ஸூரா இன்னொரு கோணம் பிடித்தார். அவர் சர்க்கஸ் படத்தில் குதிரையும் அதன் மேல் நிற்கிற பெண்ணும் பறக்கிறார்கள். பின்னால் பார்வையாளர்கள் வரிசை வரிசையாக விறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன் வரிசையில் காசுள்ளவர்கள், மேலே போகப் போக ஏழைகள். 1891-ல் முடிக்காமலேயே கண்காட்சிக்கு வைத்தார். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். 31 வயது.

படப் புத்தகம் என்று எடுத்தால் மத்தீஸின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1941-ல் பெரிய அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியாத உடம்பு. வர்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். அப்படி வந்த 20 படங்கள் 1947-ல் 'ஜாஸ்' என்ற புத்தகமாயின. முதலில் வைக்க நினைத்த பெயர் 'சர்க்கஸ்'. கோமாளி, கத்தி விழுங்குகிறவன், ஊஞ்சலில் பறக்கிறவர்கள் எல்லாம் அதில் உண்டு. சரியாக எழுந்து நிற்க முடியாத, 70 வயசைத் தாண்டிய கிழவர் எதற்காக ஊஞ்சலாட்டக்காரர்களை நினைத்தார்? ஒரு உடம்பு என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது, அது முடியாமல் போனவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரிலும் இந்த மோகம் உண்டு. 1948-ல் வந்த 'சந்திரலேகா'வில் முரசு நடனத்தைச் சொல்லாதவர்கள் இல்லை. அதே படத்தில் ஒரு பெரிய சர்க்கஸும் வருவது பலருக்கு மறந்துவிட்டது. கேரளத்துத் தலச்சேரிக்குச் சர்க்கஸ்தான் அடையாளம். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்கிற உடற்பயிற்சி ஆசிரியர் அங்கே பிள்ளைகளுக்கு வித்தை கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, இந்திய சர்க்கஸுக்கே அது நாற்றங்காலானது. அந்த மலையாள மண்ணிலிருந்துதான் அரவிந்தனின் 'தம்பு' வந்தது. தம்பு என்றால் கூடாரம். 1978-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அரவிந்தன் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் வாரப் பத்திரிகையில் கார்ட்டூன் தொடர் போட்டவர். நிஜ சர்க்கஸ்காரர்களை ஆற்றங்கரைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய், நிஜ கிராமத்து ஜனங்களைப் பார்க்கவைத்து, அவர்கள் முகங்களைப் படம் பிடித்தார். வாயைப் பிளந்த கிழவிகள், கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்க்கிற பெண்கள். ஆடுகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, பார்க்கிறபோது நாம் எப்படி இருக்கிறோம் என்று திருப்பிக் காட்டிய படம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் மேரி எலன் மார்க் 1989-லும் 90-லும் இந்தியாவில் 18 சர்க்கஸ்களோடு சுற்றி எடுத்த படங்கள் 1993-ல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு யானைப் பயிற்சியாளர் இருக்கிறார். யானையின் துதிக்கை அவர் கழுத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது. சரிகை உடுப்பில் ராஜா மாதிரி நிற்கிறார். அவரைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்ல மாட்டார்கள். துணிச்சல் வராது!

இந்த இடத்தில் உங்களில் சிலருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். 'அறிவு இருக்கிறதா உனக்கு? 11 வயதுக் குழந்தை வலையில்லாமல் கயிற்றில் நடக்கிறது. கால் விழுந்ததா, முகம் விழுந்ததா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாயே!'

நியாயம். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே உத்தரவிட்டுவிட்டது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. சினிமா, டி.வி., விளம்பரம், விளையாட்டில் சில நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு. ஆனால், சர்க்கஸுக்கு விலக்கு இல்லை என்று அங்கேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது, கயிற்றில் நடக்கிற பெண்ணாக ஒரு குழந்தை சினிமாவில் நடிக்கலாம். நிஜக் கயிற்றில் நடக்கிறவள் சர்க்கஸில் நடக்கக் கூடாது. விலங்குகளுக்கு அதற்கு முன்பே விமோசனம் கிடைத்தது. 1998-ல் அரசு அறிவித்து, 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிசெய்ததால் புலி, சிங்கம், கரடி, குரங்கெல்லாம் கூடாரத்தைவிட்டு வெளியேறின. வளையத்துக்குள் பாய்கிற சிங்கத்தை இன்றைக்கு உங்கள் பேரப்பிள்ளை படப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும்.

அன்றைக்கு அந்த அப்பாவிடமும் பேசினேன். விழுப்புரம் பக்கம் என்றார். "ஸ்கூல்ல சேத்தம் சார். ஊரு ஊரா போறப்ப என்ன செய்யறது?" என்றார். "எங்கப்பன் எனக்குக் குடுத்தது இந்தக் கவுறுதான். நான் வேற எத்த குடுக்கட்டும்?" அதுவரை நான் கவனிக்காத ஒன்றை அவரே சொன்னார். மேளம் கூட்டம் சேர்ப்பதற்கு மட்டுமில்லை, பாப்பாவின் காலுக்குத் தாளம். அவள் மேலே நகர நகர அவரும் கீழே, நேர்க்கோட்டில், மேளத்தோடு நகர்கிறார். வலை இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? வலை இருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எனக்கு மனப்பாடம். படம் எடுப்பதற்காக வெளியே வந்த போனில் அந்த நாலு எண்ணை அழுத்த எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அவள் திறமையை நான் மதித்தேன் என்பதா? மதித்திருந்தால் கால் விழுந்திருக்குமே! திறமையையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு நல்ல படத்தை. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

குறுந்தொகையில் ஏழாவது பாட்டு, பெரும்பதுமனார் எழுதியது. பாட்டைப் பேசுவது காதலனோ காதலியோ அல்ல, வழியில் பார்த்தவர்கள். இலக்கணத்தில் 'கண்டோர் கூற்று' என்பார்கள். ஒரு இளம் ஜோடி ஊரைவிட்டு மூங்கில் காட்டு வழியே போகிறது. பார்த்தவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் தெரியுமா? பாதத்தை. அவன் காலில் கழல், அவள் மெல்லிய பாதத்தில் சிலம்பு. சிலம்பு இன்னும் கழற்றப்படவில்லை, அப்படியானால் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் 'யாரோ, பாவம்' என்று இரங்குகிறார்கள். காற்றில் வாகை நெற்று கடகடக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அவர்கள் சொல்கிற உவமை, ஆரியர் கயிற்றில் ஆடும்போது அடிக்கிற பறை. பாருங்கள், சங்கப் பாட்டிலேயே அந்த மேளம் கேட்டுவிட்டது.

பாதத்தை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் 'பாவம்' என்று சொன்னவர்கள் அவர்கள். நான் நேரே பாவத்துக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப ஒரகடம் போனேன். கால் விழுகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும், அந்த அப்பாவிடம் பள்ளிக்கூடம் பற்றி இன்னொரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும், தேவையானால் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். இப்படி மூன்று திட்டம். காலி மனை காலியாக இருந்தது. மூங்கில் நட்ட குழி மட்டும் மிச்சம். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' படித்திருக்கிறீர்களா? சினிமா ஸ்டூடியோவில் வந்து புலியாகவே மாறி எல்லோரையும் நடுங்கவைத்துவிட்டுப் போன காதரைப் பிறகு தேடினால், போட்ட கடிதம் திரும்பி வந்துவிடும். ஆச்சரியப்படுவதற்கு நமக்கு அவகாசம் இருக்கிறது. விலாசம் கேட்டுக்கொள்ளத்தான் இருப்பதில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அவளும் அன்றைக்குக் கூத்து பார்த்தவளாம். "அந்தப் பாப்பாவைத் தேடறீங்களா சார்? அவங்க போயி பத்து நாள் ஆச்சு." கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "ஒண்ணு நெனச்சேன் சார். அவ வேலையைக் கூட்டம் நின்னு பாக்குது, கை தட்டுது. எங்களை யாரு பாக்கறாங்க?"

தர்மபுரி பக்கத்துப் பெண். செல்போன் பாகங்கள் பூட்டுகிற கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு நாலு வருஷமாக ஒரே ஆசையாம், மகள் வேலை செய்கிற மாதிரி ஒரு போட்டோ. கேட்டில் நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அவள் வேலை செய்கிற மாதிரி உலகத்தில் ஒரு படம்கூட கிடையாது.

யோசித்துப் பார்த்தேன். இந்த வட்டாரத்துப் படங்கள் என்று நாம் எதைப் பார்த்திருக்கிறோம்? விளம்பரத்தில் ஆரஞ்சு நிற ரோபோ கை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது அவர்களுடைய களைத்த முகங்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது பந்தல் கூட்டம். பளபளப்பு அல்லது பரிதாபம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் குடியிருப்பில் மட்டும் 18,720 பேருக்கு இடம். அத்தனை ஜோடிக் கைகள் என்ன செய்கின்றன என்று நமக்கு யாரும் காட்டியதில்லை. நாமும் கேட்டதில்லை.

ஃபெர்னாண் லெஜே என்ற பிரெஞ்சு ஓவியர் ஞாபகம் வந்தார். வாழ்நாள் முழுக்க இரண்டு மோகம் அவருக்கு. ஒன்று இயந்திரம், இன்னொன்று சர்க்கஸ். 1950-ல் தன் கையெழுத்திலேயே எழுதி, படம் போட்டு 'சர்க்கஸ்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதே வருஷம், இரும்பு உத்தரங்கள் மேல் கழைக்கூத்தாடிகள் மாதிரி நிற்கிற கட்டடத் தொழிலாளர்களைப் பெரிதாக வரைந்தார். அதைப் பாரீஸ் பக்கத்திலிருந்த ரெனோ கார் தொழிற்சாலையின் கேன்டீனில் கொண்டுபோய் மாட்டினார். அதே ரெனோதான், 2010-ல் நிஸானோடு சேர்ந்து நம் ஒரகடத்தில் ஆலை தொடங்கிய ரெனோ. மத்தியானம் சாப்பிட வந்த தொழிலாளர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்களாம். இந்த மாதிரிக் கையை வைத்துக்கொண்டு ஒருத்தனும் வேலை செய்ய முடியாது என்று! லெஜே இதை ஒளிக்கவில்லை, அவரே சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து மறுபடி போனபோது சிரிப்பு நின்றிருந்தது. ஒரு தொழிலாளி அவரிடம் வந்து, படத்தை எடுத்துவிட்டு வெறும் சுவர் வரும்போதுதான் நிறம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குப் புரியும் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். எல்லோரும் இந்தக் கதையில் அந்த இரண்டாவது பாதியைத்தான் சிலாகிப்பார்கள். எனக்குப் பிடித்தது முதல் பாதி. கையைப் பார்த்துச் சிரித்தார்களே, அது.

கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம், "நான் செஞ்சு காட்டட்டுமா சார்?" என்றாள்.

டீ கிளாஸை ஓரமாகத் தள்ளிவைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். எதிரே ஒன்றுமில்லை. இடது கை எதையோ எடுத்தது, திருப்பியது, நிறுத்தியது. வலது கை மேலேயிருந்து எதையோ இழுத்து இறக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சாய்த்து விளக்கில் பார்த்தாள். வைத்தாள். மறுபடி இடது கை. ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு கூடுதல் இல்லை. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கையில ஒண்ணுமே இல்ல, இருக்கிற மாதிரியே இருக்கே!" என்றார் மாஸ்டர்.

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்கள் எங்கேயும் நகரவில்லை. உதட்டை லேசாகக் கடித்திருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இதைச் செய்வாள், ராத்திரி தூக்கத்தில்கூடக் கை அசையுமோ, பாவம் என்று...

சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மூணாவது ஸ்க்ரூதான் சார் கஷ்டம். கையைப் பாக்கச் சொன்னா மூஞ்சியைப் பாத்துட்டிருக்கீங்க!"